முலெங்காவுக்குப் போன இடியப்ப உரல்

மெல்பேர்ணின் டண்டினொங்கில் பழுதான பொருள் எதையும் மகேந்திரராஜா தொடாமல் விட்டதில்லை. தொட்ட பிறகு அது திருந்தியதாகச் சரித்திரமும் இல்லை. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, “இனி ஒரு குறையும் இராது” என்று சொல்லாது. அவர் திருத்திய ஸ்திரிக்கைப் பெட்டியைச் செருகினால் பக்கத்து வீட்டுக்காரரின் டிவி அணையும்.

பகலில் ஒரு பண்டகசாலையில் அவருக்கு வேலை. அதற்கு முன்பு சாம்பியாவில், முலெங்கா என்ற ஊரில், மூன்று வருடம் பௌதிக ஆசிரியராக இருந்தார். பௌதிகம் படிப்பித்தவனுக்குத் திருத்தத் தெரியாத பொருள் உலகத்தில் உண்டோ என்பது அவர் கட்சி.

எழுபத்தாறாம் ஆண்டு, அதே முலெங்காப் பள்ளிக்கூடத்தின் கன்னியாஸ்திரி சிஸ்டர் மொறீன் விடுமுறையில் மெல்பேர்ணுக்கு வந்தவர், மகேந்திரராஜா வீட்டுக்கும் வந்தார். ஊர்க் கைப்பம்பு ஆறு மாதமாக இறைக்கவில்லை என்றார். உள்ளே இருக்கும் தோல் வாஷர் கிழிந்துவிட்டது. பம்பு செய்த கொம்பனியை மூடிவிட்டார்கள். மாடு குளிக்கிற குட்டையில்தான் சனம் தண்ணீர் மொள்ளுகிறது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நிற்பதேயில்லை. சொல்லிவிட்டு, கிண்ணம் போல வளைந்த ஒரு கிழிந்த தோலைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“இதென்ன பெரிய வேலை? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏற முந்தி என்ரை கையாலை செய்து தாறன்” என்றார் மகேந்திரராஜா. வாயால் கெட்டுப்போகிற சாதி அவர்.

ஓர் இத்தாலியச் செருப்புக்காரரிடம் தடித்த மாட்டுத்தோல் கிடைத்தது. அதைக் கிண்ணமாக வளைப்பதுதான் பாடாக இருந்தது. ஈரத்தோலைச் சரியான அளவுள்ள ஒரு குழாய்க்குள் இறுக்கி, அப்படியே காயவிட வேண்டும். தேநீர்க் கோப்பையில் இறுக்கிப் பார்த்தார், கோப்பை உடைந்தது. பூச்சாடியில் இறுக்கினார், தோல் பிளந்தது. வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து குசினியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவரின் கண்ணில் இடியப்ப உரல் பட்டது. குழாயும் உண்டு, அழுத்தக் கட்டையும் உண்டு, பிழிந்த தண்ணீர் வடிந்துபோக அடியில் துளைகளும் உண்டு. சிஸ்டரின் பழைய வாஷர் அதற்குள் அளவாக இறங்கியது. கும்பிடவேண்டும் போல இருந்தது அவருக்கு.

அது மனைவி நாகேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த உரல். மெல்பேர்ண் தமிழருக்கெல்லாம் அந்த ஒன்றுதான். வெள்ளிக்கிழமையில் முட்டை என்ற சொல்லையே குசினிக்குள் விடாத பெண் நாகேஸ்வரி. அவளுடைய உரலுக்குள், வெள்ளிக்கிழமையில், மனிதர் மாட்டுத்தோலை வைத்து இறுக்கினார். கட்டை இறங்க மறுத்தபோது அரத்தால் கொஞ்சம் ராவியும்விட்டார். பிறகு கராஜுக்குள் பெயின்ற் தகரங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

சனிக்கிழமை சிஸ்டருக்குப் பிரியாவிடைச் சாப்பாடு. தேநீரும் வடையும்தான் என்று இவர் நினைத்திருந்தார். நாகேஸ்வரியோ இடியப்பத்துக்கு மாவைக் குழைத்துவிட்டு உரலைத் தேடினாள்.

“இஞ்சருங்கோ, என்ரை உரலைக் கண்டனீங்களோ?”

“நானோ? நானேன் உரலைப் பாக்கிறன்?”

நாகேஸ்வரி டெலிபோனை எடுத்து, அடிக்கடி இரவல் வாங்குகிற யோகாவைப் பிடித்தாள். “யோகா, வாங்கிற பொருளைத் திருப்பித் தரவேணும் எண்டு உமக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?” என்று தொடங்கினவள் மூச்சுவிடவில்லை. மகேந்திரராஜாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது.

யோகா அழுதுகொண்டு வந்தாள். அவள் கணவர் சச்சிதானந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் சிஸ்டரும் வந்துசேர்ந்தார். “கற்பூரம் கொளுத்துங்கோ அக்கா, சத்தியம் பண்ணுறன். போன மாசமே தந்திட்டன்” என்றாள் யோகா. மகேந்திரராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. கராஜுக்குப் போய் உரலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

நாகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பொத்தினாள்.

“என்ன தோல்?”

“மாடு.”

“எப்ப வைச்சனீங்கள்?”

“நேற்று.”

“வெள்ளிக்கிழமையோ!”

“கட்டையையும் கொஞ்சம் ராவிப்போட்டன்” என்றார் அவர். எப்படியும் சாகப்போகிறோம், முழுதாகவே சாவோம் என்ற எண்ணம்.

“இப்ப இழுத்து எடுங்கோ!”

“எடுத்தாக் கிழிஞ்சுபோகும், நாகேசு. இன்னும் காயேல்லை. இது அந்தப் பம்புக்கு.”

அந்தப் பம்பை நாகேஸ்வரிக்குத் தெரியும். முலெங்காவில் மூத்தவனைச் சுமந்த காலத்தில், அவளை நிழலில் இருத்திவிட்டு, அவளுடைய வாளிக்கும் சேர்த்து எஸ்தர் என்ற பெண்தான் தினமும் தண்ணீர் அடித்துக் கொடுத்தாள்.

“எஸ்தருமோ அந்தக் குட்டையிலை அள்ளுறா?” என்று சிஸ்டரிடம் இங்கிலீஷில் கேட்டாள்.

எஸ்தரும்தான் என்றார் சிஸ்டர்.

நாகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. உரலைப் பழைய துணியில் சுற்றி, சிஸ்டரின் மடியில் வைத்தாள். “உரலோடை கொண்டுபோங்கோ. காய்ஞ்ச பிறகு அங்கை எடுக்கலாம். இது தேய்ஞ்சா அடுத்ததையும் இதிலையே செய்யட்டும்.” பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “உங்களை அனுப்பலாம்தான். அனுப்பினாப் பம்பையும் உடைச்சுப் போடுவியள்.”

யோகாவைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்குச் சொதியும் சம்பலும் இடியப்பத்துக்குப் பதிலாகக் கடைப் பாண் துண்டுகளோடு போயின. குழைத்த மா ரொட்டியாயிற்று.

இரண்டு மாதத்தில் சிஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. பம்பு இறைக்கிறது. வயிற்றோட்டம் குறைந்துவிட்டது. உரலை எஸ்தர் தன் வீட்டில் வைத்திருக்கிறாள், ஊர்ப் பெண்களே அதில் இரண்டாவது வாஷரும் செய்துவிட்டார்கள். இதில் சாப்பாடும் செய்வார்கள் என்று சொன்னால் மட்டும் ஒருவரும் நம்ப மறுக்கிறார்களாம்.

மகேந்திரராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார், மனைவியிடமும் சொன்னார். “பாத்தீரே நாகேசு? நான் திருத்தினது ஓடுது!”

“ஓம், ஓடும்” என்றாள் நாகேஸ்வரி, அன்றைக்கும் பாணை வெட்டிக்கொண்டு. “நீங்கள் இஞ்சையெல்லோ நிக்கிறியள்.”