கேன் கழுத்தில் கட்டிய துணி

கப்பலூர் தொழிற்பேட்டையில் சைக்கிள் சாமான்களுக்குத் துத்தநாக முலாம் பூசுகிற சிறு பட்டறை ஒன்றில் முருகம்மாள் ஸ்டோர்க்காரி. ஸ்டோர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு பூட்டு, ஒன்பது வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள். கேனில் இருப்பது ஒன்று விஷம், இல்லாவிட்டால் ஆசிட். கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும், வேறு யாரையும் தொட விடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

அதற்கு முன்னால் நான்கு வருஷம் அவள் கழுவுகிற தொட்டியில் நின்றாள். முலாம் ஏறிய சாமான்களை அலசி அலசிப் போட வேண்டும். காலடியில் எந்நேரமும் ஆசிட் தண்ணீர். விரலிடுக்கெல்லாம் வெந்து பிளந்துபோய், செருப்பு வார் பட்டாலே உயிர் போகும். வேலையை விடலாம் என்றால் அதுவும் முடியாது. சிம்மக்கல்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த புருஷன் மலைச்சாமி, இடுப்பு பிசகிப் படுத்த படுக்கையாகிவிட்டான். ஆகவே எழுபத்தைந்தில் பழைய ஸ்டோர்க்காரர் வேலையை விட்டு நின்றபோது, "எம்புட்டும்மா படிச்சிருக்க?" என்று முதலாளி கேட்டதும், "அஞ்சாப்பு" என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூட வாசலை அவள் மிதித்ததே ஓட்டுப் போடத்தான்.

பொய் சொல்வது சுலபம், அதைக் கட்டிக் காப்பதுதான் பாடு. பழைய ஆள் போவதற்கு முன் ஒவ்வொரு கேனையும் தொட்டுத் தொட்டு இன்னது இன்னது என்று சொன்னார். அன்று சாயங்காலமே தன் பழைய சேலையிலும் ஜாக்கெட்டிலும் கிழித்த துணிகளைக் கேன் கழுத்தில் கட்டினாள். சிவப்பு என்றால் ஆசிட். பச்சை என்றால் காஸ்டிக் என்கிற காரம். புதுச் சரக்கு வந்தால் லாரிக்காரனிடம், "வரிசையாச் சொல்லி இறக்குப்பா, எனக்கு வேற சோலி கிடக்கு" என்பாள். அவன் சொல்லச் சொல்லக் கட்டிவிடுவாள். சொட்டுத் துடைக்கக் கட்டிய துணி என்றுதான் மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் ஆறு வருஷம் மறைத்தாள். கால் காய்ந்து புண் ஆறியது, ஆனால் மனசுக்கு ஒரு நாள் ஓய்வில்லை. யாராவது காகிதத்தை நீட்டினால், கை ஈரம் என்று அவர்களையே படிக்கச் சொல்வாள். அந்த அலுப்பைச் சொல்லி அழக்கூட ஆளில்லை.

எண்பத்தொன்றில் முதலாளி கூலியைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். மாலைக் கல்லூரியில் படிக்கிற மூன்று பையன்களைப் பகலில் பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். ரப்பர் கையுறை மூன்று பேருக்கும் ஒரே ஜோடி. எதோடு எது சேரக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவருமில்லை. "காலேஜுல படிக்கிற பயலுகளுக்கு நாம என்னத்தச் சொல்றது" என்று சூப்பர்வைசர் காசிமாயன் கையைக் கழுவிவிட்டார். அவர்களில் சூட்டிகையானவன் பால்பாண்டி, பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம். முருகம்மாள் மட்டும், "எதத் தொட்டாலும் எங்கிட்டக் கேட்டுட்டுத் தொடுங்கப்பா" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று மலைச்சாமிக்கு வலி அதிகமாகிவிட்டது. சாவியைக் காசிமாயனிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மறுநாள் விஜயதசமி. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முதல் எழுத்து எழுதிப் பழக்குகிற நாள். பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சாவியை வாங்கி ஸ்டோரைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒன்பது கேன்களும் பளிச்சென்று இருந்தன. சந்தனம், குங்குமம், கழுத்தில் செவ்வந்திச் சரம். வயிற்றில் வெள்ளைத் தாள் ஒட்டி இங்கிலீஷில் அழகாக எழுதியிருந்தது. துணிகளைக் காணோம்.

"எப்படிக்கா இருக்கு?" என்று பால்பாண்டி சிரித்தான். "அழுக்குத் துணிய எல்லாம் அவுத்துக் குப்பையோட எரிச்சாச்சு. பூஜைன்னா சுத்தமா இருக்க வேணாமா? சீட்டு நான்தான் எழுதுனேன்."

அதற்குள் காசிமாயன் வந்துவிட்டார். விஜயதசமிக்குப் புது ஆர்டரை நல்ல நேரத்தில் தொட்டியில் இறக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது, அப்போதே பத்தே கால்.

"முருகம்மா, முலாம் தொட்டிக்குக் காஸ்டிக் அரைக் கேன் குடு. சுருக்கா."

முலாம் தொட்டியில் இருப்பது சயனைடு கரைசல். அதில் காஸ்டிக் ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். ஆசிட் விழுந்தால் கிளம்புகிற புகையில் இரண்டு மூச்சு இழுப்பதற்குள் ஆள் சுருண்டு விழுவான். ஸ்டோரில் இருக்கிற தண்ணீர் கலந்த ஆசிட்டும் காஸ்டிக்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வாடையும் கிடையாது. கரணம் தப்பினால் மரணம் என்பது கழைக்கூத்தாடிக்கு மட்டுமல்ல.

பால்பாண்டி சீட்டைப் பார்த்து ஒரு கேனைத் தூக்கிவிட்டான். "இந்தாங்க காஸ்டிக், அண்ணே."

சும்மா இருந்திருக்கலாம். எழுதியிருக்கிறது, படித்தவன் தூக்குகிறான், மேலதிகாரி கேட்கிறார். தப்பானால் பழி அவள் மேல் விழாது. சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"தம்பி, துணிய எப்ப அவுத்த?"

"கேனையெல்லாம் வெளிய தூக்கி வச்சுக் கழுவுறப்பவே."

"சீட்டு எப்ப ஒட்டுன?"

"வெயில்ல காஞ்ச பெறகு. எந்தக் கேன் எந்த எடத்துல இருந்துச்சுன்னு நெனப்பு இருந்துச்சுல்ல."

"எறக்கி வையி."

காசிமாயனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேரம் போகுதும்மா! துணி எரிஞ்சா என்ன? அதான் கொட்டை எழுத்துல எழுதியிருக்குல்ல, படிச்சுப் பாரு!"

பையன்கள் மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். கழுவுகிற தொட்டியின் ஈரம் இப்போதே காலில் ஏறுவது போலிருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே," என்றாள். "ஆறு வருசமா துணியப் பாத்துத்தான் எடுத்துக் குடுக்குறேன். துணி இல்லாம எது எதுன்னு எனக்கும் தெரியாது, இந்தத் தம்பிக்கும் தெரியாது."

பூஜைத் தட்டில் மிச்சமிருந்த மஞ்சள்தூளை அவளே போய் எடுத்து வந்தாள். மஞ்சள் பூசிய கையில் காஸ்டிக் பட்டால் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்துவிடும். தொட்டியில் நின்ற பெண்களுக்கு அது தெரியும். பால்பாண்டி தூக்கிய கேனிலிருந்து மூடியில் கொஞ்சம் ஊற்றி ஒரு சிட்டிகை போட்டாள்.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஆசிட் என்று எழுதிய பக்கத்துக் கேனிலிருந்து வேறு மூடியில் ஊற்றிப் போட்டாள். இரத்தமாகச் சிவந்தது.

பால்பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். படிப்பு அவனைக் கைவிட்டது என்று சொல்ல மாட்டேன். படித்திருக்கிறோம் என்ற தைரியம்தான் மூன்று பேரைக் குழியில் தள்ளப் பார்த்தது. நல்ல நேரம் அதுபாட்டுக்கு முடிந்துபோயிற்று.

மத்தியானம் முதலாளி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார், கும்பிடக்கூடச் செய்தார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நீ செஞ்சது பெரிய காரியந்தான் முருகம்மா. ஆனா ஸ்டோருக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்ல? நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார். சாவி பால்பாண்டியிடம் போயிற்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். தப்பான சீட்டை ஒட்டியவன் ஸ்டோருக்குள் போனான், அதைப் பிடித்தவள் கழுவுகிற தொட்டிக்குப் போனாள். எனக்கு இன்றைக்கும் இது ஆறவில்லை. அவள் என்னவோ சண்டை போடவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பால்பாண்டி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். அன்று கல்லூரி விடுமுறை, அவனும் பஸ்ஸுக்குத்தான் நின்றான்.

"அக்கா, எனக்கு ஸ்டோர்ல நிக்கப் பயமா இருக்குக்கா."

"பயப்படு," என்றாள் முருகம்மாள். "நல்லாப் பயப்படு."

கால் விரல்கள் எரியத் தொடங்கியிருந்தன.

பஸ் ஒன்று வந்து நின்றது. இந்த ஆறு வருஷத்தில் அவள் யாரிடமும் பஸ் விசாரித்தவளில்லை. ஸ்டோர்க்காரிக்குப் போர்டு படிக்கத் தெரியாதா என்று பட்டறை ஆள் எவனாவது நினைத்துவிடுவானோ என்று, கண்டக்டர் ஊர்ப் பேரைக் கத்துகிற வரைக்கும் வேறெங்கோ பார்த்தபடி நிற்பாள். எத்தனையோ பஸ் அப்படிக் கண்ணெதிரே போயிருக்கிறது. அன்று பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் நின்றிருக்க, தலையை நிமிர்த்தி உரக்கவே கேட்டாள்.

"ஏப்பா, இது சிம்மக்கல் போகுமா? எனக்குப் படிக்கத் தெரியாது."

போகும் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.