பித்தளைக் குமிழ்

ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைத்தாள். உங்களுக்கென்றால் அந்த வாசனையில் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கோ குளச்சல் வீட்டின் பின்கட்டும், ஒரு சாண் உயர நீராவி எஞ்சினும், அண்ணன் அத்தானை அறைந்த சத்தமும் வந்தன. ஊசி இறங்கியதே தெரியவில்லை.

அண்ணன் சவுதியில் பைப் ஃபிட்டர். ஊருக்கெல்லாம் சாமான் சுமந்து வந்தவன் தனக்கென்று வாங்கியது அந்த விளையாட்டு எஞ்சின் ஒன்றுதான். அதில் எல்லாமே விசித்திரம். அடுப்புத் தகரத்தில் செங்கல் செங்கலாக வரைந்திருந்தது. புகைபோக்கி உண்டு, அடுப்பிலிருந்து அதற்கு வழி கிடையாது. ஐஸ் கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து, கவிதையும் எழுதத் தொடங்கியிருந்த நான், ‘புகை அறியாத கோபுரம்’ என்று ஒரு வரி எழுதி என்னையே மெச்சிக்கொண்டேன். கொதிகலனின் தலையில் சுருள்கம்பி வைத்த பித்தளைக் குமிழ். கீழே ஸ்பிரிட் விளக்கு எரிய எரிய, உள்ளே ஆவி மிஞ்சும்போதெல்லாம் அது எழும்பி உஸ்ஸென்று துப்பும்.

அந்தச் சீறல்தான் அண்ணனுக்கு ஆகவில்லை. அவன் வேலை பார்த்த இடத்தில் நீராவி கசிந்தால் ஃபோர்மேன் தாயை இழுத்துத் திட்டுவான். மறுபடி கசிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவான். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியிருந்தவனுக்குப் புது விசா வந்திருந்தது. அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் மெடிக்கல். தேறினால் விமானம்.

அக்காவின் கணவரான அத்தானுக்கோ வாய் சும்மா இருக்காது.

“மக்கா, பைப் ஃபிட்டருக்க சாமானே ஒழுகுது. சவுதிக்காரன் ஒன்ன எதுக்குல திரும்ப விளிக்கான்?”

ஆள் உயர வால்வுகளைத் திருகியவன் அண்ணன். ஆனால் செங்கல் பொய், புகைபோக்கி பொய், அப்படியானால் குமிழும் அழகுக்குத்தான், பொருத்திய இடத்தில் ஒழுகுகிறது என்று முடிவுகட்டினான். பைப் மூட்டில் ஒழுகலை அடைக்கும் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, குமிழைக் கம்பியால் இறுக்கிக் கட்டினான். சீறல் அடங்கியது. சக்கரம் பறந்தது.

“இப்ப பாரும்!”

“என்னத்தப் பாக்க? வெரல வச்சா நிக்கும்.”

வைத்தார். நின்றது.

அண்ணன் அறைந்த அறையில் அத்தானின் உதடு கிழிந்தது. அவர் அண்ணனின் தொண்டையைப் பிடித்தார். அண்ணன் அவர் முடியைப் பற்றிச் சுவரில் மோதினான், இன்னொரு முறையும் மோதினான். “லேய், எனக்க தாலிய அறுக்காத!” என்று அக்கா அலறினாள். விலக்கப் போன வீரன் நான் முதல் தள்ளலிலேயே வாளியில் விழுந்தேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்ததையும், குமிழைக் கட்டிய பின் சக்கரமும் நின்றதால் ஆவிக்கு வேறு வழியில்லாமல் போனதையும் யாரும் நினைக்கவில்லை. அத்தானை விட்டுவிட்டு, இரைக்க இரைக்க அண்ணன் குனிந்து சக்கரத்தைச் சுண்டப் போனான்.

வெள்ளையாக ஏதோ வெடித்தது. கிழிந்த பித்தளை அவன் முகத்தில். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளிக்க அவன் கத்தினான்: “தண்ணி ஊத்துல! அடுத்த வாரம் மெடிக்கல்ல!”

வலது கண் போயிற்று. விசா வேறொருவனுக்குப் போனது.

அத்தானின் ஆணிக்கடையில்தான் இப்போது அண்ணன் இருக்கிறான். அவரும் கேலி பேசுவதை விட்டுவிட்டார். அவனிடம் குரலே உயர்த்துவதில்லை. போன வாரம் நான் வேண்டுமென்றே சீண்டினேன்.

“ஒரு ஆணி நேரா நிறுக்கத் தெரியுமால ஒனக்கு?”

தம்பி அண்ணனை அப்படிக் கேட்கலாமா? முன்பென்றால் பல் உதிர்ந்திருக்கும். நான் கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

“நீ சொன்னா செரிதான் மக்கா” என்று சொல்லி, ஆணிகளைத் திரும்பக் கொட்டி நிறுத்தான்.