காது குத்திய தட்டு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு எவர்சில்வர் தட்டு கிடந்தது. அதன் விளிம்பில் ஆணி நுழைகிற அளவு ஓட்டை. குழவிக்கல்லால் ஆணியை அடித்து அதைப் போட்டவள் நான்தான். என் வீட்டுக்காரரின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவேன். கண் மஞ்சளாக இருக்கிறது, காமாலைக்காரி என்று புருஷன் வீட்டார் அவரைத் திருப்பி அனுப்பிய வாரம் அது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. யார் தட்டு என்று மாறிவிடக் கூடாதே என்று அடையாளம் வைத்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க நங்கையா. எல்லாரோட நல்லதுக்குத்தானுங்க" என்றேன்.

நங்கையா ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "வட்டலுக்குக் காது குத்திட்டயா? மாமன் சீரு எங்க புள்ள?"

வட்டல் என்பது எங்கள் மலைப் பக்கம் தட்டுக்குச் சொல்வது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் அவருக்கு உப்பில்லை, எண்ணெயில்லை. காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பேன். சாமைக்குக் களையெடுத்ததும் மிளகு பறித்ததும் அவர்தான். சோறு மட்டும் மாட்டுக் கொட்டகை ஓரம். குழாயடியில் எல்லோரிடமும், "தனி வட்டல் வெச்சுட்டனுங்க" என்று பெருமையாகச் சொல்வேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, இந்த மஞ்சள் என் பிள்ளையை அண்டக் கூடாது தாயே என்று அம்மனை வேண்டுவேன். நங்கையாவுக்காக ஒருநாளும் வேண்டியதில்லை.

மகளுக்கு ஐந்து வயதானபோது ஒருநாள், கொட்டகை ஓரம் அத்தை மடியில் உட்கார்ந்து அந்தத் தட்டில் தின்றுகொண்டிருந்தாள். வெகுநாளாக நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இழுத்துவந்து உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்து, கரண்டிக் காம்பால் அடித்தேன்.

"புள்ளைய அடிக்காத. ஒட்டறதுன்னா உன்ற புருசனுக்கு எப்பவோ ஒட்டியிருக்கோணும். ஒரே வட்டல்ல தின்னு வளந்தவங்க நாங்க" என்றார் நங்கையா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்த வருடம் வலது விலாவுக்குக் கீழே வலி என்று சுருண்டு படுத்தார். பத்தியத்துக்குப் பயந்து நடிக்கிறார் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாலு நாள் கழித்துக் குளிர்க்காய்ச்சல் கண்டபிறகே மலையிறக்கி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பித்தப்பைக் கல் வழியை அடைத்து, சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். "உப்புப் போட்டு ஒரு வாய் ரசம் குடு சாமி" என்று என் கையைப் பிடித்தார். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

நங்கையாவின் ரத்தத்திலேயே கோளாறு, அது குடும்பத்தில் வருவது என்று அங்கேயே எங்கள் மூவர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம், மகளுக்கு நன்றாகவே அதே கோளாறு. லேப்பில் இருந்த அம்மா எனக்குப் புரியும்படி சொன்னார்.

"மொளகு மூட்டைய பஸ்ல ஏத்தியிருப்பீங்கல்ல? முக்கா மூட்டைய மடிச்சு சீட்டுக்கடியில தள்ளிரலாம். தெறிக்கத் தெறிக்கக் கட்டுன மூட்டை போகுமாங்க?"

ரத்தத்தின் சிவப்பணு நடுவில் குழிந்த முக்கால் மூட்டையாம். அதன் தோல் எண்ணெய்ப் படலம் போல மெல்லியது. உள்பக்கம் ஒரு வலை அதைப் பிடித்திருக்கிறது. அதனால்தான் தன்னைவிடக் குறுகிய சந்திலும் மடங்கிப் போய், வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. எங்கள் வீட்டு ரத்தத்தில் அந்த வலையின் கட்டு சரியில்லை. தோல் துணுக்குத் துணுக்காகக் கழன்றுபோக, உள்ளே இருப்பது குறையாமல் சாக்கு மட்டும் சிறுத்து, அணு பந்தாகிவிடுகிறது. மண்ணீரலின் சந்துகளில் சிக்கி உடைகிறது. உடைந்தது கண்ணில் மஞ்சளாகிறது, பித்தப்பையில் கல்லாகிறது.

"ஒட்டுமாங்க?" என்று கேட்டேன்.

"பொறப்புலயே வர்றதுங்க. இதுல ஒட்டறதுக்கு என்ன இருக்குது?"

ஊருக்கு வந்ததும் அம்மன் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மன்னிக்க வேண்டியவர் அம்மன் இல்லையே.

மகளை அடிவாரத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்தோம். எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தோம், சரி என்றார்கள். இப்போது அவள் மாசமாக இருக்கிறாள். கண் மஞ்சள் கூடியிருக்கிறது. போன வாரம் சம்பந்தியம்மா போன் செய்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க புள்ளைக்கு ஒரு தனி வட்டல் குடுத்தனுப்புங்க. எல்லாரோட நல்லதுக்குத்தானுங்க."

"அது ஒட்டாதுங்க, பொறப்புலயே வர்றதுங்க" என்று கத்தினேன். "நீங்களே வெச்சிருந்தீங்களாமே" என்றார் அவர். குழாயடியில் நான் சொன்ன பேச்சு மலையிறங்கிப் போயிருக்கிறது. போன் மகள் கைக்கு மாறியது.

"புதுசு வாங்காதம்மா. நம்மூட்டு அத்தயோட வட்டல் இருக்குதில்ல, காது குத்துனது. அதையே கொண்டா. எனக்குப் பழகுன வட்டல்தான்."

பரணிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். தட்டு பளபளவென்று வந்துவிட்டது. ஓட்டை அப்படியே இருக்கிறது.