சட்டை போட்டு வந்தவனுக்குத் தோள் வலியா?

பிள்ளைகளே, அப்பாவின் வலது கை ஏன் தோளுக்கு மேலே போவதில்லை என்று கேட்பீர்கள். மலையில் சறுக்கி விழுந்தேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அது பாதிதான். மீதிக்குக் காரணமான ஆளை மன்னித்துவிடச் சொல்லி உங்கள் அம்மா கேட்கிறாள். நான் மன்னிக்கவில்லை.

மலையில் ரப்பர் பால் வாளியோடு சறுக்கினேன். பால் வெட்டுகிறவன் விழுந்தாலும் வாளியை விடமாட்டான். அன்றைய பாடு முழுவதும் அதில்தான் இருக்கும். வாளி கீழே இழுக்க, தோளுக்குள் ஏதோ அறுந்தது.

மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். பனியனோடு அங்கே போவது மரியாதையில்லை. உங்கள் அம்மாதான் என் கையைப் பிடித்து மெல்லச் சட்டைக்குள் நுழைத்து, பட்டனும் போட்டுவிட்டாள்.

மருந்துக்கார ஐயா நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

"கையத் தூக்கு."

"தூக்க முடியலீங்க ஐயா."

"சட்டை மட்டும் எப்பிடிப்பா ஏறிச்சு? பறந்து வந்து மாட்டிக்கிச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வீட்டுல போட்டுவிட்டாங்க..."

"மாப்பிள்ளைய சோடிச்சு அனுப்பினாங்களாக்கும்! நல்ல நடிப்பு. சரி, சரி, மலைக்குப் போ."

தோளைத் தொடக்கூட இல்லை. லேசான வேலை கொடுக்கச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தந்திருந்தால் போதும். தரவில்லை. கை முற்றாக விழும்வரை அந்தக் கையாலேயே பால் வெட்டினேன்.

பிறகு கேகாலைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண்பிள்ளை முதலில் சட்டையைக் கழற்றச் சொன்னாள். அவளே கழற்றியும் விட்டாள். முதுகுப்பக்கம் நின்று இரண்டு தோளையும் ஒத்துப் பார்த்தாள். நல்ல கையைத் தூக்கச் சொன்னாள். மற்றதைத் தானே தாங்கித் தூக்கினாள். விட்டதும் அது விழுந்தது.

"இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க மாமா? தசைநார் அறுந்திருக்கு. அப்பவே வந்திருந்தா சரிப்படுத்தியிருக்கலாம்."

அன்றிலிருந்து அந்த மருந்துக்கார ஐயாவுக்காக நாள் பார்த்துக் காத்திருந்தேன்.

அவர் ஓய்வு பெற்றபோது, தொழிலாளர் சார்பில் மாலை போடும் வேலையைச் சங்கத் தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் நெட்டையான ஆள். மேடையில் மாலையை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போடுப்பா," என்றார், சிரித்தபடி.

"கை ஏற மாட்டேங்குது ஐயா. நடிப்புன்னு அன்னிக்குச் சொன்னீங்களே, இப்ப நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்தார். நான் அசையவில்லை. இன்னும் குனிந்தார். முதுகு வளைந்து, தலை என் இடுப்புக்கு வந்ததும், மாலையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

"இப்ப மனசு ஆறிச்சா?" என்றாள் உங்கள் அம்மா.

ஆறவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு தனியாகத் திரும்பிப் போனேன். மாலை மேசையிலேயே கிடந்தது. இடது கையால் தூக்கி வந்து, எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டேன். கடைசிப் பூவையும் அது மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.