கொக்கி விழுந்தால் தாங்கும் ஷூ

இறைச்சிக்கூடத்தின் மேல்கம்பியிலிருந்து கொக்கி கழன்று விழுந்தபோது அவள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு மாட்டின் முழுத் தொடையையும் தாங்கும் இரும்புக் கொக்கி, துணிச் செருப்பையா மதிக்கப்போகிறது? வலது காலின் கடைசி இரண்டு விரல்களும் அங்கேயே போயின. தரையில் ஓடிய தண்ணீர் ஏற்கெனவே சிவப்பாக இருந்ததால், எது தன் இரத்தம், எது மாட்டின் இரத்தம் என்று சற்று நேரம் அவளுக்கே பிடிபடவில்லை.

பக்கத்தில் தோல் உரித்துக்கொண்டிருந்தவள்தான் முதலில் சத்தம் போட்டாள். வேலை முடியும்போது ஊதும் சங்கையே அமுக்கிவிடும் குரல் அவளுக்கு. அதனால் பெயரே சங்கு.

"காலைத் தூக்குடி! தொங்கப்போடாத! ஏய், யாராவது சுத்தமான துணி குடுங்கடா, உங்க மூஞ்சி தொடைக்கிற துணியை நீட்டாதீங்க!"

நல்ல வேளை, போனது கடைசி விரல்கள். கட்டைவிரல் போயிருந்தால் நடையே கோணியிருக்கும். காயம் ஆறியது. ஆனால் படுத்துக் கிடந்த நாட்களில் அவளுக்கு ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது. இறைச்சிக்கூடத்தில் ரப்பர் பூட்ஸ் கொடுக்காமல் இல்லை. முழங்கால் உயரத்துக்கு, இரும்பு முனை வைத்த பூட்ஸ். மதியத்துக்குள் கால் வீங்கி, உள்ளே வியர்வையில் ஊறி, தோல் அரிசி ஊறியதுபோல் வெளுத்துவிடும். எல்லோரும் அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுத் துணிச் செருப்போடு நிற்பார்கள். கனமான ஷூ காலைக் காப்பாற்றும்தான். காலில் இருந்தால்தானே காப்பாற்றும்?

மறுபடி அந்த மாடு வெட்டும் தரைக்குப் போகமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். உருகிய பிளாஸ்டிக்கை வார்க்கும் உலோக அச்சுகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. நாள் முழுக்கக் கையில் அரம். வாயும் அப்படித்தான் என்று மேஸ்திரி ஒரு நாள் சொல்ல, அன்றிலிருந்து அவள் பெயர் அரம் ஆகிவிட்டது. மேஸ்திரிக்குக் கை நீளம். பிசிறு வந்தால் அறைவார். அவளையும் ஒரு முறை அறைந்தார். அடுத்த முறை கை ஓங்கியபோது அவள் அரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்; தானாக வந்து அதில் அறைந்துகொண்டார். உள்ளங்கை கிழிந்தது. வேலை போயிற்று. தொழில் போகவில்லை, அது கைக்குள் ஏறிவிட்டிருந்தது.

பெற்றோர் விட்டுப்போன வீட்டில் அவளும் தம்பியும் இருந்தார்கள். தம்பி சந்தையில் செருப்பு விற்பவன். வாய் சர்க்கரை, கை சம்மட்டி. கோபம் வந்தால் கதவை உதைப்பான், தட்டை எறிவான், பிறகு தானே உட்கார்ந்து அழுவான். வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் அவள் ஒரு பழைய அழுத்து இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மேலும் கீழும் இரண்டு சூடேறும் தட்டுகள், நடுவில் அச்சு, பக்கவாட்டில் இரண்டு கையாலும் இழுக்க வேண்டிய லீவர்.

அவள் தேர்ந்தெடுத்தது கெட்டிப் பிளாஸ்டிக் அல்ல. பொங்கும் வகை. பிளாஸ்டிக் குருணையோடு பொங்கு தூளைக் கலந்து, அச்சில் கொட்டி, இறுக மூடிச் சூடேற்ற வேண்டும். உள்ளே அது பொங்கத் துடிக்கும், இடமிருக்காது. மூடி திறந்த கணத்தில் பிசாசு பிடித்ததுபோல் வெளியே பாய்ந்து, பாயும்போதே ஒன்றரை மடங்காக விரியும். அதனால் அச்சின் குழி, வேண்டிய ஷூவின் அளவைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். இது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. முதல் தடவை திறந்தபோது ஷூ அவள் காதோரம் சீறிக்கொண்டு போய்ச் சுவரில் மோதித் திரும்பி முதுகில் அறைந்தது. தோள்பட்டையில் பழுத்த கொப்புளம். அதற்குப்பின் கொட்டகைக்குள் யார் தலை நீட்டினாலும் அவள் வாயில் வரும் முதல் வார்த்தை, "ஓரமா நில்லு" என்பதுதான்.

தம்பிக்கு அந்த நாற்றம் ஆகாது. உள்ளே வரவே மாட்டான்.

அலுமினியக் கட்டையில் குழியைக் குடைந்து, தேய்த்து, மறுபடி குடைந்தாள். முதலில் செய்த ஷூ பஞ்சுபோல் இருந்தது. கத்தி விழுந்தால் வெண்ணெய்போல் வெட்டிக்கொண்டு போகும். முனையைத் தடித்தாக்கினாள், கனம் ஏறியது. பிறகு முனைக்கு உள்பக்கம் விலா எலும்புபோல் வரிசையாக வரிகள் வைத்தாள். நடுவே காற்று, சுற்றிலும் சுவர். தண்ணீர் வடியப் பக்கத்தில் ஓட்டைகள் வைத்தாள். சதுர ஓட்டை மூலையில் கிழிந்தது, வட்டமாக்கினாள். சோதனைக்கு வேறெங்கும் போகவில்லை. இறைச்சிக்கூடத்திலிருந்து சங்கு அதே கொக்கியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"உன் விரலைத் தின்ன ராட்சசிடி இது. வச்சுக்கோ. நல்லா சோறு போடு அதுக்கு."

அரம் அந்தக் கொக்கியைக் கொட்டகை உத்தரத்தில் கயிற்றில் தொங்கவிட்டாள். ஷூவுக்குள் களிமண்ணால் ஒரு கால் செய்து நுழைத்துக் கொக்கிக்கு நேர் கீழே வைப்பாள். கயிற்றை அவிழ்ப்பாள். களிமண் விரல்கள் நசுங்கும். மறுபடி அரம், மறுபடி குழி. கடைசியில் ஒரு நாள் கொக்கி விழுந்து எகிறிப் பக்கத்தில் உருண்டது. களிமண் விரல்கள் ஐந்தும் முழுசாக இருந்தன. சங்கு அந்த ஷூவை மாட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தாள்.

"ஏண்டி, காலில ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கே! கழட்ட மறந்து படுக்கையில ஏறிடுவேன்போல இருக்கு."

அந்த அச்சு ஒன்றுதான் இருந்தது. ஒரே கட்டையில் இடதுக்கும் வலதுக்குமாக இரண்டு குழி. அது இருந்தால் அவளுக்குத் தொழில். போனால் மறுபடி இரத்தத் தண்ணீர்த் தரை. இதைச் சங்கு அறிவாள், தம்பியும் அறிவான்.

அறிந்தும் தம்பி மொத்தக்காரரிடம் வாய் விட்டான். சந்தையில் பாதிக் கடைகளுக்குச் செருப்பை மொத்தமாகக் கொடுக்கிறவர் அவர். மறுத்துப் பேசினவர்களின் கடைகள் தீப்பிடிப்பதுண்டு.

"அக்கா, அவர் அச்சைக் கேக்கறார். குடுத்துடலாம்க்கா. எனக்குச் சந்தையில நடு இடத்துல கடை தர்றாராம்."

"உன் கடைக்கு என் கை வேலையா? போடா, போய்ச் செருப்பு வில்லு."

"நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"உன் வாக்கை நீயே காப்பாத்து. அச்சு நகராது."

அவன் அடுப்படியிலிருந்த இரும்புக் கரண்டியை எடுத்து எறிந்தான். அது வழக்கம்தான் என்று அவள் குனிந்துகொண்டாள். ஆனால் அன்று அவன் அதோடு நிற்கவில்லை. கொட்டகைக்குள் நுழைந்தான். அவள் அச்சின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். தலைமுடியைப் பிடித்து இழுத்தான், விலாவில் உதைத்தான், அவள் அவன் கையைக் கடித்தாள், எலும்பில் பல் பட்டது. அவன் அலறிக்கொண்டு அவளுடைய இடது கையை முறுக்கினான். சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். இருவருக்கும் கேட்டது. ஒரு கணம் அவன் முகம் வெளுத்தது. பிறகு அச்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

சங்கு வந்து, ஷூ அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு பக்கமும் வைத்துக் கையைக் கட்டினாள். வைத்தியரிடம் போகும் வழியெல்லாம் வைதுகொண்டே வந்தாள். "கூடப் பொறந்தவனா அவன்? கூடவே பொறந்த வியாதி!" அரம் அழவில்லை. விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அசைந்தன. அரம் பிடிக்கலாம்.

மொத்தக்காரரின் பட்டறையில் ஓடுவதெல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக். அங்கே அச்சின் அளவுதான் செருப்பின் அளவு. அச்சின் முதுகில் வெளியே வரும் ஷூவின் அளவை அரம் கீறி வைத்திருந்தாள். வளர்ந்த ஆளின் கால் அளவு. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் வேறெதையும் அளக்கவில்லை. கெட்டிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றினார்கள். மூட்டை மூட்டையாக வார்த்து, ஒன்றைக்கூடக் காலில் போட்டுப் பார்க்காமல் கடைக்காரர்களை அழைத்து விரித்துக் காட்டினால், அத்தனையும் பள்ளிக்கூடப் பிள்ளை போடும் அளவு. கையில் எடுத்தால் செங்கல் கனம். கடைக்காரர்கள் சிரித்தார்களாம். மொத்தக்காரரைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை.

அந்தச் சிரிப்புக்குத் தம்பி உடம்பால் பதில் சொன்னான்.

மறுநாள் மாலையில் ஒரு வண்டி கொட்டகை வாசலில் நின்றது. மொத்தக்காரர் பளபளக்கும் மெல்லிய தோல் ஷூவோடு இறங்கினார். அவருடைய ஆள், ஊரே தடியன் என்று அழைப்பவன், ஒரு கையில் அச்சையும் மறு கையில் தம்பியின் சட்டைக் காலரையும் பிடித்திருந்தான். தம்பியின் ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. உதடு இரண்டாகப் பிளந்து, பேசும்போது இரத்தம் குமிழியிட்டது.

"அக்கா..." என்றான்.

"வாயைத் திறக்காத, கிழிஞ்சது இன்னும் கிழியும்" என்றாள் அரம்.

மொத்தக்காரர் ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கப் பாக்கறீங்களா? இந்த அச்சு ஏன் குட்டி போடுது?"

"கெட்டிச் சரக்கு ஊத்தினா குட்டிதான் போடும்."

"அப்ப என்ன ஊத்தணும்?"

அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். மொத்தக்காரர் கண்ணைக் காட்டினார். தடியன் தம்பியின் வலது கையை இழுத்து இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் வைத்து லீவரைக் கொஞ்சம் இறக்கினான். தட்டு இன்னும் சூடேறவில்லை. ஆனால் எடை இருந்ததே. இரண்டு விரல்கள் நொறுங்கின. தம்பி போட்ட சத்தத்தில் உத்தரத்துப் பல்லி விழுந்தது.

"மீதி எட்டு இருக்கு" என்றார் மொத்தக்காரர்.

அவளுடைய கையை முறித்த கைதான் அது. ஒரு நொடி அவள் அதையும் நினைக்காமல் இல்லை. பிறகு சொன்னாள்: "எடு அவன் கையை. செஞ்சு காட்டறேன். பாத்துக் கத்துக்கோங்க."

ஒற்றைக் கையால் குருணையை அளந்தாள், பொங்கு தூளைக் கலந்தாள், குழி இரண்டையும் நிரப்பினாள். தடியன் அச்சைத் தூக்கி வைத்து மூடினான். தட்டுகள் சூடேறின. சுடுபிளாஸ்டிக் நாற்றம் எழுந்தது. காத்திருக்கும் நேரத்தில் அவள் தம்பியைச் சுவரோரமாக இழுத்து உட்கார வைத்து, நசுங்கிய விரல்களை நல்ல விரலோடு சேர்த்துக் கட்டினாள். மொத்தக்காரர் பொறுமையில்லாமல் எழுந்து வந்து தடியனுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"பழுத்துடுச்சு. தெறக்கணும்" என்றாள் அரம். "லீவருக்கு ரெண்டு கை வேணும். எனக்கு ஒண்ணுதான் இருக்கு. மெதுவா இழுத்தா கெட்டுடும், ஒரே இழு. முன்னால நின்னு இழு, அப்பதான் பலம் கெடைக்கும்."

யார் வந்தாலும் முதலில் சொல்லும் வார்த்தையை அன்று அவள் சொல்லவில்லை.

தடியன் இழுத்தான். வெடிச்சத்தத்தோடு இரண்டு ஷூக்களும் பாய்ந்தன. ஒன்று அவன் மூக்கின் நடுவில் விரிந்தது. எலும்பு நொறுங்கும் சத்தமும் சதை சுடும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவன் பின்னால் சாய்ந்து மொத்தக்காரரைத் தள்ளினான். மொத்தக்காரர் தடுமாறி இரண்டடி பின்வாங்கி நின்ற இடம், களிமண் கால் வைக்கும் இடம். அரம் கயிற்றை அவிழ்த்தாள்.

தோல் ஷூ பளபளப்புக்குத்தான் நல்லது. கொக்கி அதைக் காகிதம்போல் அமுக்கிக்கொண்டு தரைவரை போயிற்று.

அவர் போட்ட சத்தத்துக்குத் தெருவே வந்துவிட்டது. வேலை முடிந்து திரும்பிய சங்குவும் நான்கைந்து பெண்களும் இடுப்பில் கத்தியோடு வாசலை அடைத்து நின்றார்கள். தடியன் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான்.

"தேய்க்காத, தோல் உரிஞ்சு வந்துடும்" என்று அரம் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக அவன் முகத்தில் ஊற்றினாள். "இன்னும் ஊத்திக்கிட்டே இரு. எரிச்சல் அடங்கினப்பறம் உங்க ஐயாவைத் தூக்கிக்கிட்டுப் போ. ஷூவைக் கழட்டாத. ரத்தம் கொட்டும். வைத்தியர் வெட்டி எடுக்கட்டும்."

சங்கு கத்தியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "திரும்ப வர்றதா இருந்தா சொல்லிட்டு வாங்க. நாங்க தெனமும் இவ்வளவு பெரிய உருப்படியை வெட்டறவங்க. உங்களுக்கெல்லாம் அரை வேளை வேலைகூட ஆகாது."

அன்றிலிருந்து, வேலை இல்லாத நேரத்தில் அச்சு இறைச்சிக்கூடத்துக் குளிரறையில், தொங்கும் தொடைகளுக்கு நடுவில் கிடக்கும். அங்கே போய்த் திருட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கூடத்தில் எல்லோர் காலிலும் அரத்தின் ஷூ ஏறியது.

தம்பிக்குச் சந்தையில் யாரும் இடம் தரவில்லை. விரல்கள் கோணலாகக் கூடியிருந்தன. அவளுடைய கையும் கொஞ்சம் கோணல்தான். ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றான். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தான்.

"அதெல்லாம் வேணாம். கூடத்துல தரை கழுவ ஆள் கேக்கறாங்க. போ" என்று, தடியன் மூக்கை உடைத்த அந்த ஜோடியையே எடுத்துக் கொடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து அவன் வேலை நேரத்திலேயே ஓடிவந்தான். முகம் வேர்த்திருந்தது.

"அக்கா! கொக்கி விழுந்துச்சுக்கா. நேரா கால் மேல. ஒண்ணும் ஆகலக்கா! பாரு, அஞ்சும் இருக்கு!"

"இருக்கறது தெரியுது, நடந்துதானே வந்த. கழட்டு."

அவன் வலது ஷூவைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அவன் காலைப் பார்க்கவில்லை. முனையில் விழுந்திருந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பட்டறைப் பிடியில் ஷூவை இறுக்கி, ரம்பத்தால் நெடுக்க அறுத்துத் திறந்து பார்த்தாள். நான்காவது வரி நசுங்கியிருந்தது, மற்றவை நின்றிருந்தன.

"இந்த வரி பலவீனமா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஆழமாக் குடையணும்" என்று சொல்லிக்கொண்டே அரத்தை எடுத்தாள். "இன்னொரு அடி விழுந்திருந்தா போயிருக்கும் உன் விரல்."

"அக்கா, நான் எப்படித் திரும்பிப் போறது?"

"ஓரமா நில்லு, சொல்றேன்" என்றாள்.

அவன் ஒற்றை ஷூவோடு சுவரோரம் நகர்ந்து நின்றான்.