மரங்கொத்தி கேசட்ஸ் நாற்பதாம் ஆண்டு: ஒரு கம்பெனி, மூன்று விழா

இந்தத் தை மாதம் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு மதுரைப் பக்கம் போய்வந்தேன். கோயிலுக்கா என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு கேசட் கம்பெனியின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு என்றேன். "வேற வேலை இல்லையா உனக்கு?" என்றார் என் கணவர். இல்லைதான். திருச்சியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் பழைய கேசட் தேடுகிற பைத்தியம் நான்.

கம்பெனி பெயர் மரங்கொத்தி கேசட்ஸ். கும்மி, தெம்மாங்கு, நலுங்குப் பாட்டு என்று மைக்செட் கட்டிய கல்யாண வீடுகளிலெல்லாம் ஒரு காலத்தில் இவர்கள் ராஜ்ஜியம்தான். பாட்டைப் பதிவுசெய்தவர் திருவாதவூர் ராசாங்கம். கேசட்டை விற்றவர் சமயநல்லூர் சோலைமலை. சோலைமலையின் தங்கையைத்தான் ராசாங்கம் கட்டியிருக்கிறார். வெள்ளிவிழா வரைக்கும் மாப்பிள்ளையும் மச்சானும் ஒற்றுமையாக இருந்தார்கள். அதற்குத் தேதி குறிக்கும்போதுதான் வினை வந்தது. முதல் பாட்டைப் பதிவுசெய்த தை பதினெட்டுதான் கம்பெனிக்குப் பிறந்தநாள் என்றார் மாப்பிள்ளை. முதல் கேசட் விற்ற தை இருபதுதான் என்றார் மச்சான். அடப் பாவிகளா, இரண்டு நாள் வித்தியாசத்துக்கா? அன்றிலிருந்து இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. பதினைந்து வருடமாக இரண்டு ஊரில் இரண்டு விழா.

தை பதினெட்டு காலை மாட்டுத்தாவணியில் திருவாதவூர் பஸ் பிடித்தேன். சுமார் இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அறுவடை முடிந்த வயலில் பந்தல் போட்டு, குழாய் ஸ்பீக்கரில் அந்த முதல் பாட்டை வைத்தார்கள். நகலுக்கு நகல் எடுத்த கேசட் போல. பாடகியின் குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி இழுத்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ராசாங்கத்திடமே கேட்டேன்.

"ஒரிஜினல் டேப் என்னாச்சுங்க?"

"அது மச்சான்கிட்ட கெடக்கு தாயி. அதை ஓட்டுற பெரிய மிசினு எங்கிட்ட இருக்கு."

"ரெண்டையும் ஒரு இடத்துல வைக்கக்கூடாதா?"

"அவரு வந்து கேக்கட்டும், தாரேன்."

மறுநாள் மேலூர் வழியாக அழகர்கோவில் போனேன். அந்த முதல் பாட்டைப் பாடிய பஞ்சவர்ணம் அங்கேதான் பூக்கடை வைத்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன். இப்போது ரகசியம் சொல்வது போல்தான் பேச வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

"ரெண்டு பேரும் வருசா வருசம் சால்வையோட வந்து கூப்புடுறாக. நான் போறதில்ல. ஒரு வீட்டுக்குப் போனா இன்னொரு வீட்டுல கோவம்" என்றார். பூவைத் தொடுத்துக்கொண்டே, "எம்புட்டுச் சால்வ இருந்து என்ன செய்ய? நான் எப்புடிப் பாடுனேன்னு எனக்கே மறந்துபோச்சு. அந்த டேப்ப ஒரே ஒரு தடவ கேக்கணும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், இரண்டு பேர் வீட்டு வாசலிலும் நின்று கத்திவிட்டு வருகிறேன் என்றேன். பஞ்சவர்ணம் சத்தமில்லாமல் சிரித்தார். வாசனைப் பாக்குப் பொட்டலம் இரண்டு, வெற்றிலை, பூ எல்லாம் எடுத்து இரண்டு தட்டில் வைத்தார்.

"மூணாவதா ஒரு விழா நான் வைக்கிறேன். எங்க வீட்டுல. நாளைக்குச் சாயங்காலம் டேப்போட அவரும் மிசினோட இவரும் வரணும்னு சொல்லுங்க. வெத்தல பாக்கு வச்சு அழைச்சா வராம இருக்க முடியுமா?"

"நீங்களே போய்க் கொடுக்கலாமே?"

"நான் போனா, மொதல்ல எந்த வீட்டுக்குப் போனேன்னு அதுக்கொரு சண்ட வரும்."

தை இருபது. பாண்டி என்பவரின் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசினேன், இரண்டாயிரம் ரூபாய். திருவாதவூரில் ராசாங்கம் தட்டை வாங்கும்முன் கேட்டார்: "மொதல்ல யாருக்கு?" உங்களுக்குத்தான் என்றேன். அங்கிருந்து மதுரையைக் கடந்து சமயநல்லூர். விழாப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சோலைமலையும் அதையேதான் கேட்டார். உங்களுக்குத்தான் என்றேன். ஆட்டோவைக் கிளப்பும்போது பாண்டி மெதுவாகக் கேட்டார்:

"யக்கா, நீங்க கணக்கு டீச்சர்னுதான சொன்னீக?"

போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் என்னால் முடியாது. மூன்று ஊருக்கும் மதுரையிலேயே தங்கிப் போய்வருவது நல்லது. அழகர்கோவிலுக்கு நகரத்திலிருந்து இருபத்தொரு கிலோமீட்டர், பஸ் நிறைய உண்டு. கோயில் தோசையை விடாதீர்கள். குரங்கு பார்க்கப் பையைத் திறக்காதீர்கள், என் மூக்குக்கண்ணாடிக் கூடு போனது போனதுதான்.

சாயங்காலம் நாலரைக்குப் பஞ்சவர்ணத்தின் வீட்டில் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு மூலையில். ஒருவர் மடியில் மிஷின், இன்னொருவர் மடியில் மஞ்சள் துணியில் சுற்றிய டேப். டேப்பைச் சக்கரத்தில் மாட்டி மிஷினுக்குள் கோக்க நாலு கை வேண்டுமாம். ராசாங்கம் கொஞ்ச நேரம் தனியாகவே போராடிப் பார்த்தார்.

"இதச் செத்தப் புடிங்க மச்சான்."

"புடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன் மாப்ள."

பதினைந்து வருடத்தில் இதுதான் முதல் பேச்சு. பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

மிஷின் சுற்றியது. முதலில் இரைச்சல், எங்கோ ஓர் ஆடு கத்தியது. கேசட்டுக்காக வெட்டிவிட்ட பகுதி அது. எந்தக் கல்யாண வீட்டிலும் ஒலித்ததில்லை. பிறகு பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் குரல், கணீரென்று, பயந்துபோய்க் கேட்டது:

"அண்ணே, ஆரம்பிக்கவா?"

ஆண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பஞ்சவர்ணம் மிஷின் பக்கம் சாய்ந்து, இருக்கிற குரலைக் கூட்டிச் சொன்னார்:

"ஆரம்பி தாயி."