தங்கையின் ரிசல்ட்

உத்தமபாளையத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பிராட்பேண்ட் வந்த புதிது. பிளஸ் டூ ரிசல்ட் அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவதால் ரிசல்ட் போடும் இணையதளம் திறக்காது. அதற்காகவே ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். தளத்தின் தலைப்பில் இருக்கும் படத்தை மட்டும் அது கேட்டுப் பார்க்கும். வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும். சர்வரைத் தொந்தரவு செய்யாமலிருக்க, போகப் போக இடைவெளியைக் கூட்டிக்கொள்ளும். படம் வந்துவிட்டால் சர்வர் எழுந்துவிட்டது என்று அர்த்தம், திரை பச்சையாகும்.

அந்த வருடம் என் தங்கையும் எழுதியிருந்தாள். கடைசிப் பரீட்சை முடிந்து வந்தவளுக்குக் காய்ச்சல். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மஞ்சள்காமாலை முற்றிவிட்டது என்றார்கள். ரிசல்ட் வந்தபோது அவள் இல்லை.

அன்று ஏன் கடையைத் திறந்தேன் என்று தெரியவில்லை. பிள்ளைகள் நம்பர் சொன்னார்கள், தட்டினேன். சிலர் கத்தினார்கள். ஒருத்தி சுவரில் சாய்ந்து அழுதாள். நான் அடுத்த நம்பரைக் கேட்டேன்.

மதியம் கூட்டம் கலைந்தபிறகு அம்மா படியேறி வந்தாள். எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"பாப்பா நம்பரையும் போட்டுப் பாருய்யா."

"எதுக்கும்மா?"

"புள்ள எழுதுனால்ல."

தளம் மறுபடி படுத்திருந்தது. புரோகிராமை ஓடவிட்டேன். அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள்.

"என்ன செய்யுது அது?"

"கேட்டுக்கிட்டு இருக்கும்மா. பதில் வரல."

"வரலேன்னா விட்ருமா?"

"விடாது. திரும்பக் கேக்கும்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திரை பச்சையானதும் நம்பரைத் தட்டினேன். அவள் பெயர் வந்தது. கீழே மார்க்குகள். பாஸ்.

"கணக்குல எவ்வளவு? நல்லா எழுதிருக்கான்னு டீச்சர் சொன்னாகளே."

சொன்னேன். தலையாட்டினாள். தாளில் எடுத்துத் தரச் சொன்னாள். கொடுத்தேன், மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

கீழே ஓட்டலில் சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை. பஸ் ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். பக்கத்து சீட்டுப் பெண் தாளை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"மகளுக்கு ரிசல்ட்டு. பாஸாயிட்டா" என்றாள் அம்மா.

பஸ் கிளம்பியது. மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போனேன்.